ஆமென் சொல்லாத ஞாயிறு

என் அம்மாவையும் சேர்த்து அவர்கள் வீட்டில் ஆறு பேர், ஆறும் பெண். அதில் கடைக்குட்டிதான் என் சின்னச் சித்தி. எனக்கும் அவளுக்கும் பன்னிரண்டு வயதுதான் வித்தியாசம். சலவைக்கூடத்தில் கஞ்சித் தொட்டியும் மடிப்பு மேஜையும் அவள் பொறுப்பு. துணிக்குப் போடுகிற கஞ்சியில் பாதியைத் தன் உடுப்புக்கும் போட்டுக்கொள்வாள் போலிருக்கும், அவ்வளவு விறைப்பாக நடப்பாள். அதனால் எல்லாருக்கும் அவள் மொடமொடம்மா.

பிற்காலத்தில் அக்கம்பக்கத்தில் ஒரு விதவையைக் குடியிருந்த வீட்டிலிருந்து கிளப்பினாலும் சரி, கூலிக்காரன் ஒருவனைத் திருடன் என்று பிடித்து உட்கார வைத்தாலும் சரி, "மொடமொடம்மாவைக் கூப்பிடு" என்பார்கள். அலுவலகப் படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே குமாஸ்தாக்கள் தொலைந்துபோன கோப்பைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது கொஞ்சம் கூடுதல். ஆனால் ஒரு குமாஸ்தா பின்வாசல் வழியாக நழுவியதை நானே பார்த்திருக்கிறேன்.

பிறவியிலேயே அப்படி வந்தவள் இல்லை. முப்பத்திரண்டு வயதுவரை சித்திக்கு இரண்டு வாய். வீட்டில் வைத்திருப்பது ஒன்று, அது மூடாது. வெளியே கொண்டுபோவது இன்னொன்று, அது திறக்காது. கல்யாணமாகி மூன்றாம் வருஷமே சித்தப்பா காய்ச்சலில் போய்விட்டார். ஒரு பெண் பிள்ளை, ஒரு மாமியார், இரண்டு வயிறும் அவள் கையை நம்பித்தான் இருந்தன. வேலை போனால் அடுப்பு அணையும். அந்தப் பயம் அவள் நாக்கின்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்திருந்தது. அந்தக் கல் எப்படிப் புரண்டது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

எங்கள் சலவைக்கூடம் ஆஸ்பத்திரித் துணிக்கென்றே நடந்தது. முதலில் ஆள் உயரத்துக்கு நிற்கும் துவைக்கும் மெஷின்கள், அடுத்தது கஞ்சித் தொட்டி, அப்புறம் கொடிகள் கட்டிய நீளக் கொட்டகை, கடைசியில் மடிப்பு மேஜையும் இஸ்திரி மேஜையும். நான் இஸ்திரி மேஜையில் இருந்தேன். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை ஒருத்தி மடிக்க முடியாது. இரண்டு பேர் நான்கு மூலையைப் பிடித்து, பின்னால் போய் ஒரு வெடுக், முன்னால் வந்து மூலையைக் கைமாற்றி, மறுபடி பின்னால் போய் ஒரு வெடுக். கால் பிசகினால் விரிப்பு கோணும்.

சித்திக்கு ஜோடி விரல்கண்ணி. அவளுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. கண் செய்கிற வேலையை விரல் செய்தது, அதனால் அந்தப் பெயர். ஊசி முனையளவு கிழிசல் இருந்தாலும் கை போகிற போக்கில் நின்றுவிடும். "இந்த மூலையில தையல் விட்டிருக்கு, தைக்கிறவகிட்ட போடு" என்பாள். அவள் சித்தப்பாவின் பெரியம்மாவுடைய கொழுந்தியாள் மகள். அவ்வளவு தூரத்துச் சொந்தத்துக்கு முறை என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. சித்தி அவளை "அக்கா" என்றாள், அவள் சித்தியை "ஏடி" என்றாள், முறை அதோடு சரியாகிவிட்டது. சலவைக்கூடத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறைதான் அவள் வீடு. அறையிலிருந்து மேஜைக்கு நாற்பத்தியோரு எட்டு. கோல் இல்லாமல் நடப்பாள்.

எங்களுக்கு மேலே மேஸ்திரி. அவர் என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமன், எனக்கு மாமா. ஆறு நாள் மேஸ்திரி, ஏழாம் நாள் எங்கள் சபையின் செயலாளர். கெட்ட மனிதர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். நோயாளிகளைப் பார்க்கப் போவார், சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பார். தன் பெயருக்கு ஒரு கீறல் விழும் என்றால் மட்டும் நடுங்கிப்போவார்.

அந்த வாரம் ஞாயிறு ஆராதனைக்கு வெளியூரிலிருந்து ஒரு பெரிய போதகர் வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி கஞ்சித் தொட்டியருகே வந்து நின்றார். கையில் ஒரு பொட்டலம்.

"தங்கச்சி, ஒரு சின்ன வேலை."

"சொல்லுங்கண்ணே."

"பிரசங்க மேடைத் துணி. மெழுகும் டீக்கறையுமா கிடக்கு. பெரியவர் வர்றப்ப அப்படியா போடுறது? கடைசி மெஷின்ல இதையும் போட்டு விட்டுடு. வெளித்துணி உள்ள வரக்கூடாதுன்னு முதலாளியம்மா சட்டம் போட்டிருக்காங்க, அதனால காதும் காதும் வெச்சாப்ல."

சித்தி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். இரத்தச் சிவப்பு.

"சாயம் போகுமாண்ணே?"

"கோயில் துணி தங்கச்சி! போகுமா?"

எந்தச் சலவைக்காரியும் புதுத் துணியின் ஓரத்தை நனைத்து, ஒரு வெள்ளைத் துண்டில் வைத்துப் பிழிந்து பார்க்காமல் மெஷினில் போட மாட்டாள். சித்தி எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடமே அதுதான். அன்றைக்கு அவள் பிழிந்து பார்க்கவில்லை. எங்கள் சபை ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. கோயில் துணியைச் சந்தேகப்பட்டால் பாவம் வந்துவிடாதா? விரல்கண்ணி அப்போதுதான் கடைசி மெஷினில் அறுபது விரிப்புகளைத் திணித்துவிட்டுக் கை கழுவப் போயிருந்தாள். சித்தி சிவப்புத் துணியை நடுவில் செருகி மூடியைச் சாத்தினாள்.

சனிக்கிழமை விடிந்ததும் மேஸ்திரி எல்லாருக்கும் முன்னால் வந்து தன் துணியை உருவிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் வந்து மூடியைத் திறந்தோம். அறுபது விரிப்பும் ரோஸ். கோழிக்குஞ்சுக்குச் சாயம் பூசினாற்போல, ஒன்றுகூட விடாமல் ரோஸ். ஒருத்தி சிரித்துவிட்டாள், அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலில் முதலாளியம்மா நின்றிருந்தார்.

"யாரு மெஷின் போட்டது?"

"நான்தாம்மா" என்றாள் விரல்கண்ணி. என்ன நடந்தது என்றே அவளுக்குத் தெரியாது. நிறம் என்றால் அவளுக்கு என்ன?

மேஸ்திரி ஒரு எட்டு முன்னால் வந்தார். "அம்மா, தப்பு என்னுதுதான்" என்றார். சித்திக்கு மூச்சு வந்தது. அவர் தொடர்ந்தார்: "கண்ணு தெரியாதவங்கள மெஷின் பக்கம் விட்டிருக்கக் கூடாது. இரக்கப்பட்டுட்டேன்."

அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் ஒரு காகிதம் தயாராகிவிட்டது. சிவப்புத் துணியைத் தானே கவனக்குறைவாகக் கலந்ததாகவும், திங்கட்கிழமை வேலையையும் அறையையும் விட்டுப் போவதாகவும் அதில் எழுதியிருந்தது. படித்துக் காட்டினார்கள். விரல்கண்ணி கட்டைவிரலை நீட்டினாள். மையில் தோய்த்து அழுத்தினார்கள்.

சித்தி கஞ்சியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். அன்றைக்குக் கஞ்சி களியாகிவிட்டது. இரண்டு தடவை நான் போய்க் கேட்டேன், "என்ன சித்தி, உடம்பு சரியில்லையா?" என்று. "போடி, உன் வேலையப் பாரு" என்றாள். வீட்டில் மூடாத அந்த வாயும் அன்றிரவு மூடிக்கொண்டது என்று அவள் மாமியார் பின்னால் சொன்னார். "எனக்குக் காது போயிடுச்சோன்னு பயந்துட்டேன்" என்றார்.

ஞாயிறு காலை. நாங்கள் மூன்று பேரும் எப்போதும் போல ஒரே பெஞ்சு. விரல்கண்ணி வந்தாள். வழக்கமாக அவள் பெஞ்சின் முதுகை ஒரு விரலால் தொட்டுவிட்டு அலட்சியமாக உட்காருவாள். அன்று தொட்டாள். மறுபடி தொட்டாள். பெஞ்சு முழுவதையும் இரண்டு உள்ளங்கையாலும் தடவிப் பார்த்தாள். பிறகும் உட்காரவில்லை.

"ஏடி, இது நம்ம பெஞ்சுதானா?"

"ஆமாக்கா. என்ன இப்படிக் கேக்குற?"

"இல்லடி. இந்தக் கைய இனிமே நம்ப முடியாது. அறுபது விரிப்புக்குள்ள ஒரு வேத்துத் துணி வந்திருக்கு, எனக்குத் தட்டுப்படலையே. அப்போ இத்தனை வருஷமா எத்தனை விட்டேனோ. பொத்தான் சரியாப் போட்டிருக்கேனான்னு பாரு."

பொத்தான் சரியாகத்தான் இருந்தது. சித்தியின் முகம் அவள் சேலை நிறத்துக்கு வந்துவிட்டது, அது வெள்ளைச் சேலை. வேலை போவதையும் அறை போவதையும் அவள் எப்படியோ விழுங்கியிருந்தாள், வேறு அறை பார்த்துத் தருகிறேன் என்றுகூடச் சமாதானம் சொல்லியிருந்தாள். இந்தக் கையை இனிமே நம்ப முடியாது என்றதை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை.

பாட்டு முடிந்தது. மேஸ்திரி வேதம் வாசிக்க மேடை ஏறினார். அன்றைய பகுதியும் பார்த்து வந்தது போலிருந்தது. தனக்காகப் பேச முடியாதவர்களுக்காக நாம் வாய் திறக்க வேண்டும், எளியவர்களுக்கு நியாயம் கிடைக்கப் பார்க்க வேண்டும் என்று வருகிற இடம். கணீரென்று வாசித்தார். அவருக்கு முன்னால் மேடைத் துணி தொங்கியது. சாயமெல்லாம் விரிப்புக்குக் கொடுத்துவிட்டு, அங்கங்கே திட்டுத் திட்டாக வெளுத்து, காய்ச்சலில் படுத்து எழுந்தவன் மாதிரி. பெரிய போதகர் அதைப் பழைய காலத்து அலங்காரம் என்று நினைத்திருப்பார். இஸ்திரிக்காரி எனக்கு அது போதும். நான் துணியைப் பார்த்தேன், மாமாவைப் பார்த்தேன், சித்தியைப் பார்த்தேன். சித்தி தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது விண்ணப்ப ஜெபம். எங்கள் சபையில் அதற்கு ஒரு கட்டு உண்டு. யார் வேண்டுமானாலும் எழுந்து ஜெபிக்கலாம். ஒருவர் தொடங்கிவிட்டால் சபை முழுவதும் எழுந்து நின்று கண்ணை மூடிக்கொள்ளும். தொடங்கியவர் ஆமென் சொல்லும்வரை கண்ணைத் திறப்பதில்லை, உட்காருவதில்லை, வெளியே போவதில்லை. வழக்கமாக எழுகிற நாலு பேர்தான் எழுவார்கள். அன்று சித்தி எழுந்தாள். சித்தி காலில் எறும்பு கடித்துவிட்டது என்று பக்கத்து பெஞ்சுக்காரி நினைத்தாளாம்.

"ஆண்டவரே" என்றாள் சித்தி. குரல் கொடியில் தொங்கும் ஈரத்துணி மாதிரி ஆடியது. எல்லாரும் எழுந்து கண்ணை மூடினோம். "ஆண்டவரே, எனக்கு ஜெபிக்கத் தெரியாது. துவைக்கத்தான் தெரியும். அதையும் வெள்ளிக்கிழமை ஒழுங்காச் செய்யல."

யாரோ இருமினார்கள். அது மாமாவின் இருமல்.

"அறுபது விரிப்பு ரோஸாப் போச்சு ஆண்டவரே. அந்தப் பழி என் பக்கத்துல நிக்கிற அக்கா தலைல விழுந்திருக்கு. அவ போடல. சிவப்புத் துணியை மெஷின்ல போட்டது நான். என் இந்தக் கை. நனைச்சுப் பிழிஞ்சு பாக்காமப் போட்டேன். நேத்து முழுக்க வாய மூடிட்டு நின்னேன். வேலை போயிடும், என் பிள்ளை பட்டினி கிடக்கும்னு பயம். அவளுக்குப் பிள்ளை இல்லையாம், அதனால அவ போனாப் பரவாயில்லையாம், எனக்குள்ள அப்படி ஒரு கணக்கு ஓடிச்சு. நீர் என் மூஞ்சியப் பாக்காதேயும்."

என் தோளில் விரல்கண்ணியின் கை வந்து இறுகியது. நான் கண்ணைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை, பாதிதான்.

"இன்னும் ஒண்ணு இருக்கு ஆண்டவரே. அந்தத் துணியக் குடுத்தது நான் இல்ல. இன்னொருத்தர். யாருன்னு உமக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். நான் பேரச் சொன்னா அது கோள் சொல்றதாகும். அவரே சொன்னா அது மனந்திரும்புறது. அதனால அவர் வாயத் திறக்குற வரைக்கும் நான் ஆமென் சொல்லப்போறதில்ல."

சபை அப்படியே நின்றது. மின்விசிறிச் சத்தம். ஒரு குழந்தை கொட்டாவி விட்டது. சித்திக்கு இப்போது குரல் நிலைப்பட்டுவிட்டது. வீட்டில் வைத்திருக்கும் வாயை அவள் கோயிலுக்குக் கொண்டுவந்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. அந்த வாய்க்குக் களைப்பு கிடையாது.

அவள் காத்திருந்தாள். காத்திருக்கும் நேரத்தை வீணாக்காமல் ஜெபித்தாள். ஆஸ்பத்திரி நோயாளிகளுக்காக, விரிப்புக்காகக் காத்திருக்கும் கட்டில்களுக்காக, கொதிகலன்காரரின் முதுகு வலிக்காக, என் அம்மா உள்பட அக்காமார் ஐந்து பேருக்காக, அவர்கள் வீட்டுக்காரர்களுக்காக, சம்பந்தி வீடுகளுக்காக. ஒவ்வொருவரையும் முறை சொல்லி அழைத்தாள். எனக்கே மறந்துபோன ஒரு ஒன்றுவிட்ட பெரியப்பாவைக்கூட விடவில்லை.

பெரிய போதகர் மெல்லிய குரலில் எங்கள் போதகரிடம் கேட்டார்: "எனக்கு ஒரு மணிக்குப் பஸ். இது எப்ப முடியும்?"

"ஆமென் வந்தா முடியும் ஐயா."

"எப்ப வரும்?"

"அது நம்ம கையில இல்ல."

முன்வரிசைப் பெரியவர் ஒருவருக்கு முழங்கால் வலி. பொறுக்க மாட்டாமல் "ஆமென்!" என்று ஒரு போடு போட்டார். பாதிச் சபை உட்காரப் போனது.

"ஐயா, நீங்க சொல்ற ஆமென் செல்லாது. ஆரம்பிச்சவ நானு" என்றாள் சித்தி. "ஆண்டவரே, இந்த ஐயாவோட முழங்காலையும் நினைச்சருளும்."

பாதிச் சபை மறுபடி எழுந்தது. பின்னால் அடக்கிய சிரிப்பு ஒன்று, கஞ்சி கொதிக்கிற மாதிரி, களுக் களுக் என்று ஏறியது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அது கேட்டது. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல.

"நான்தான்."

சித்தி ஒரு நொடி நிறுத்தினாள். "ஆண்டவருக்குக் கேட்டிருக்கும். பின் பெஞ்சுக்குக் கேக்கல."

"நான்தான்!" என்றார் மேஸ்திரி. இப்போது அழுகையும் கலந்திருந்தது. "துணியக் குடுத்தது நான். பழியத் தூக்கி அந்த அம்மா தலைல வெச்சதும் நான். கொஞ்ச முன்னால அந்த வசனத்த வாசிச்சதும் நான்தான். நாளைக்கு முதலாளியம்மாகிட்ட நானே வந்து சொல்றேன். ஆண்டவர் மன்னிக்கணும். அந்த அம்மாவும்..." அதற்குமேல் வரவில்லை.

விரல்கண்ணி உரக்கக் கேட்டாள்: "ஏடி, அப்போ என் கை தப்பலையா?"

"தப்பலக்கா. நீ கை கழுவப் போனப்புறம்தான் நான் போட்டேன். உன் கைக்குள்ள அது வரவே இல்ல."

விரல்கண்ணி தன் இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கி, ஒன்றை ஒன்றால் தடவிக்கொண்டாள். ஊருக்குப் போய்த் திரும்பிய பிள்ளைகளைத் தடவுவது போல.

"ஆமென்" என்றாள் சித்தி.

அன்றைக்குச் சபை சொன்ன ஆமெனில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பாதி பக்தி, பாதி முழங்கால். எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள், அழுதார்கள், உட்கார்ந்தார்கள். பெரிய போதகர் மேடை ஏறினார். ஒரு மணி நேரப் பிரசங்கம் தயார் செய்து வந்தவர், "இன்னைக்குப் பிரசங்கம் முடிஞ்சிடுச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். விரல்கண்ணி சித்தியின் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். நான் பார்த்தேன், சாமானியக் கிள்ளு இல்லை.

"ரெண்டு நாள்! ரெண்டு நாள் சும்மா இருந்தியேடி!"

"கிள்ளு அக்கா. இன்னும் கிள்ளு."

"கிள்ளத்தான் போறேன். வருஷம் முழுக்க."

அடுத்த மாதமே சபைக் கூட்டத்தில் விண்ணப்ப ஜெபம் ஐந்து நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். செயலாளர் என்ற முறையில் அதை எழுதியவர் மாமாதான். தீர்மானத்தை எதிர்த்துக் கை தூக்கியவரும் அவர் ஒருவர்தான்.

அதற்கெல்லாம் முன்னால், மறுநாள் திங்கட்கிழமை சித்தி, விரல்கண்ணி, மேஸ்திரி மூன்று பேரும் முதலாளியம்மா அறைக்குப் போனார்கள். கதவு திறந்தே இருந்தது, எங்களுக்கெல்லாம் கேட்டது. முதலாளியம்மா எங்கள் சபையைச் சேர்ந்தவர் இல்லை, யாருடைய ஜெபத்துக்கும் அசைகிற ஆளும் இல்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "துணியில பட்ட சாயம் துவைச்சாப் போகும். ஆள் மேல பூசுனது?" என்று மட்டும் கேட்டார். சித்தி தலை குனிந்தாள். அறுபது விரிப்பையும் வெளுக்கும்வரை கொதிதொட்டிப் பக்கமே அவள் நிற்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. மேஸ்திரிக்கு ஒரு மாதம் மேஸ்திரி வேலை இல்லை.

பிறகு விரல்கண்ணியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நீ வேலைல இரும்மா. தெரியாம நடந்துபோச்சு, மனசுல வெச்சுக்காத."

"மனசுல இல்லம்மா, காகிதத்துல இருக்கு" என்றாள் விரல்கண்ணி. "நான் கைநாட்டு வெச்சது. அதைக் குடுங்க."

கொடுத்தார்கள். அவள் அதை நான்காகக் கிழித்தாள், எட்டாகக் கிழித்தாள், ஒவ்வொரு துண்டையும் விரலால் தடவிப் பார்த்து, பெரிதாக இருந்ததை இன்னொரு தரம் கிழித்தாள்.

"இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. சனிக்கிழமை யாரு போட்டதுன்னு கேட்டீங்க. என்னெல்லாம் போட்டேன்னு கேக்கல. கேட்டிருந்தா அறுபது விரிப்பு, அத்தனையும் பருத்தி, வேற எதுவும் இல்லன்னு சொல்லியிருப்பேன். பாக்குறதுதான் எனக்கு முடியாது. பேச முடியும்."

"இனிமே கேக்கறேன்" என்றார் முதலாளியம்மா. எங்களுக்குத் தெரிந்து அவர் யாரிடமும் அப்படி இறங்கிப் பேசியது அதுதான் முதல் தடவை.

"சரிம்மா. ஆனா எனக்கு மடிக்க ஜோடி இல்லையே, இவளத்தான் கொதிதொட்டிக்கு அனுப்பிட்டீங்களே."

"யார் வேணும்?"

"மேஸ்திரி சும்மாதானே இருக்காரு."

சலவைக்கூடம் முழுவதும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. மாமா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மடிப்பு மேஜைக்கு வந்தார். இருபது வருஷம் மடிப்பை மேற்பார்வை செய்தவர், ஒரு நாளும் ஒரு மூலையைப் பிடித்ததில்லை. முதல் வெடுக்கிலேயே விரிப்பு அவர் கையிலிருந்து பறந்து தலையில் முக்காடாக விழுந்தது. கொதிதொட்டிப் புகைக்குள்ளிருந்து சித்தியின் சிரிப்பு கேட்டது.

"ஏண்ணே, கோயில் துணிய மட்டும் நல்லாப் பிடிச்சீங்களே!"

"உன் வாய மூடு தங்கச்சி."

"அது இனிமே நடக்காதுண்ணே!"

நான்காம் தடவையில் ஒரு விரிப்பை ஒருவழியாக மடித்து மேஜையில் வைத்தார் மாமா. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றார். விரல்கண்ணி ஓரத்தோடு ஓரமாக விரலை ஓட்டினாள். மூலையில் விரல் நின்றது. விரிப்பை எடுத்து உதறிப் பிரித்து, இரண்டு மூலையை அவர் கையில் திணித்தாள்.

"மறுபடி" என்றாள்.